குளியலறை வாசலில் மடித்துப் போட்ட சாக்கு

அப்பா தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார் என்பதை முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் அம்மா காலையில் வைக்கும் சொம்பு மத்தியானத்துக்குள் காலியாகிவிடும். அதனால் அம்மாவுக்குச் சந்தேகம் வரவில்லை. ஜன்னலுக்குக் கீழே இருந்த கனகாம்பரம் மட்டும் அந்தக் கோடையிலும் வாடாமல் தளதளவென்று நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போடப் போனபோது, ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே அப்பாவின் இடது கை சொம்போடு வெளியே வந்தது. நிதானமாகக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனது.

நான் சின்னமனூரில் ஒரு சிறிய ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனை செய்பவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது அப்பாவின் ரத்தத்தை எடுத்துக்கொண்டு போய் நானே பார்த்தேன். உப்பு ஏறியிருந்தது. எங்கள் மருத்துவர் முடிவைப் பார்த்துவிட்டு, "தண்ணி குடிச்சா இறங்கிடும். குடிக்காமலே இருந்தா கிட்னி போயிடும்மா" என்றார்.

சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேன். "எதுக்குப்பா தண்ணியக் கொட்டுற?"

பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்குப் பேச்சு குழறும். அன்றைக்கு ஒவ்வொரு சொல்லையும் தேடித் தேடிச் சொன்னார். "குடிச்சா போகணும்ல."

"போனா என்ன? நாங்க இல்லையா?"

"அதேன். உங்கம்மா தூக்குறா. நீ தூக்குற. பொட்டப்புள்ள தூக்கி உக்கார வச்சு, கழுவி விட்டு..." முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "தனியாப் போகணும் ஆத்தா. அது ஒண்ணு போதும் எனக்கு."

வாழைத்தோட்டங்களில் தார் வெட்டிச் சுமந்தவர் அவர். வெயிலில் ஒரு நாள் தாரோடு சேர்ந்து விழுந்தார். அதோடு வலது கையும் காலும் போயின. எங்கள் கக்கூஸ் வீட்டுக்குப் பின்னால், மாட்டுக்கொட்டத்தையும் தாண்டி, படி ஏறிப் போகும் இடத்தில் இருந்தது. அவரால் இடது கையில் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு சமதரையில் காலை இழுத்து இழுத்து நடக்க முடியும். படிதான் முடியாது. ஆகவே வீட்டின் பக்கவாட்டில் ஒரு சின்ன அறை, அதோடு ஒட்டிக் கக்கூஸும் சேர்ந்த ஒரு குளியலறை, கட்டிலிலிருந்து அங்கே போகும்வரை படியோ மேடோ இல்லாத தரை, சுவர் நெடுகப் பிடித்துக்கொள்ளக் கம்பி. இவ்வளவையும் நானே காகிதத்தில் வரைந்தேன். கட்டப்போவது என் சம்பளத்தில் என்பதால் வரைவதிலும் ஒரு மிடுக்கு இருந்தது.

எங்கள் வீட்டில் அதுவரை யாரும் எதையும் விசாரித்து வாங்கியதில்லை. உரக்கடைக்காரர் எடுத்துக் கொடுத்த மருந்தை அடித்தார்கள். தரகர் சொன்ன விலைக்குத் தாரை ஏற்றிவிட்டார்கள். நீட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தார்கள். "கேக்குறதுக்கு நமக்கு என்ன தெரியும்?" என்பார் அம்மா. எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். ஆய்வகத்தில் ஒருவர் கையை நீட்டினால் முதலில் கேள்வி கேட்பவள் நான். "வெறும் வயிறா?" என்பேன். "வெறும் வயிறுதான்" என்பார்கள். உதட்டோரம் இட்லிப் பொடி ஒட்டியிருக்கும். அப்படிப் பார்த்துப் பழகிய கண் எனக்கு. கொத்தனாரையும் அப்படியே பார்த்துத் தேர்ந்தெடுப்பேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டார். "எம்மக விசாரிக்காம ஆளு வைக்க மாட்டா."

முதலில் வந்தவர் எங்கள் ஊர்க் கொத்தனார். கட்டைபோல நின்று, தரையைக் காலால் தட்டிப் பார்த்தார். நான் நீட்டிய படத்தைக் கையில் வாங்கவே இல்லை. "பாத்துச் செய்வோம்" என்றார். அது ஒன்றுதான் அவர் சொன்னது. மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டு வரவில்லை. கைபேசியையும் எடுக்கவில்லை. இருந்தாலும் விசாரிப்போம் என்று, அவர் வேலை பார்த்த வீட்டுக்கார அம்மா ஒருவரை மார்க்கையன்கோட்டைப் பேருந்து நிறுத்தத்தில் பிடித்தேன்.

"அந்தாளா? ஆத்தாடி!" என்று தலையில் கை வைத்தார் அந்த அம்மா. "ஒரு நா வருவாரு, ஒரு வாரம் ஆளக் காணாது. எங்க சமையக்கட்ட முடிக்கிறதுக்குள்ள நானும் எங்க மாமியாளும் சண்ட போட்டு, சமாதானமாகி, மறுபடியும் சண்ட போட்டாச்சு."

"வேலை எப்படிங்க?"

"வேலைக்கென்ன, வேலை கல்லு மாதிரி நிக்கிது. ஆளு வரணும்ல!" பேருந்து வந்துவிட்டது. கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டார்.

அந்தக் கொத்தனார் வேண்டாமென்று அங்கேயே தள்ளிவிட்டேன். அப்பாவால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது.

இரண்டாவது ஆள் வெள்ளைச் சட்டையில், பையில் பேனாவோடு வந்தார். செருப்பை வெளியே விட்டு, நேரே அப்பாவின் கட்டிலோரம் போய் உட்கார்ந்தார். வீட்டுக்கு வருகிற எல்லோரும் அப்பாவைப் பற்றி எங்களிடம்தான் கேட்பார்கள். இவர் அப்பாவிடமே பேசினார். "அண்ணே, கொஞ்ச நாளு பொறுங்க. ராசா கணக்கா நீங்களா எந்திரிச்சுப் போவீக. கதவச் சாத்திட்டு உள்ள உக்காந்து பீடிகூடக் குடிக்கலாம், மதினிக்குத் தெரியாது."

அப்பா சிரித்தார். வாய் ஒரு பக்கமாகத்தான் போனது, ஆனாலும் அது சிரிப்பு. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார். அம்மாவைப் பொறுத்தவரை கொத்தனாரைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது.

நான் விடவில்லை. குளியலறைத் தரை, தண்ணீர் வெளியேறும் ஓட்டையை நோக்கிக் கண்ணுக்குத் தெரியாத அளவில் சரிந்திருக்க வேண்டும். அதை வாட்டம் என்பார்கள். படி இல்லாத குளியலறையில் வாட்டம் பிசகினால் தண்ணீர் அறைக்குள் வந்துவிடும் என்று இணையத்தில் படித்திருந்தேன். அதைக் கேட்டேன்.

"வாட்டமா?" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "இந்தக் கைதேன் வாட்டம் பாக்குற ரசமட்டம் தாயி. ஆனா என்னைய நம்பாதீக. யாரையும் வாய்ப்பேச்சுல நம்பக்கூடாது. நான் கட்டுன வீட்டுக்குப் போங்க. உள்ள போயி நின்னு கேளுங்க. எங்கன வேணாலும் கேளுங்க."

இப்படிச் சொல்லும் ஆளை எப்படிச் சந்தேகப்படுவது? அவர் வழி சொன்ன ஒவ்வொரு வீட்டுக்கும் ஸ்கூட்டரில் போனேன். பொட்டிப்புரத்தில் ஒரு வீட்டுக்கார அம்மா மோர் கொடுத்து உட்கார வைத்தார். வீட்டில் கல்யாண வயதில் ஒரு பெண் இருந்தாள். நான் குளியலறையைப் பார்க்க வேண்டும் என்றதும் அந்தப் பெண் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாதான் காட்டினார்.

"வேலையில ஏதாவது குறை உண்டுங்களா?"

"குறையா? நல்ல மனுசரு. பால் காய்ச்சும்போது வேட்டி துண்டு எடுத்துக் குடுத்தோம், கண்ணுல ஒத்திக்கிட்டுல்ல வாங்குனாக."

"தண்ணி நல்லா ஓடுதா?"

"ஓடுது ஓடுது. மோரு இன்னங் கொஞ்சம் ஊத்தவா?"

குளியலறை வாசலில் ஒரு சாக்கை நான்காக மடித்துப் போட்டிருந்தார்கள். ஈரமாக இருந்தது. அடுத்துப் போன வீட்டிலும் ஒரு சாக்கு கிடந்தது. அதற்கடுத்த வீட்டில் பழைய போர்வை. எல்லா வீட்டிலும் அதே புகழ்ச்சி, அதே வேட்டி துண்டுக் கதை. எல்லாவற்றையும் கைபேசியில் படம் எடுத்தேன். சாக்கும் அந்தப் படங்களில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன், "கால் துடைக்கச் சாக்கு மடிச்சுப் போட்டிருக்காங்கம்மா. எவ்வளவு சுத்தமா இருக்காங்க!"

வேலை வேகமாக நடந்தது. சொன்ன நாளில் வந்தார், சொன்ன நேரத்துக்கு முடித்தார். ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று அம்மாவுக்கு அவசரம். தரை போட்ட அன்று நான் ஆய்வகத்தில் இருந்தேன். திரும்பி வந்து பார்த்தபோது டைல்ஸ் பளிச்சென்று இருந்தது. ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

கொத்தனார் ஓடி வந்து வாளியின் வளையத்தைப் பிடித்தார். "அய்யய்யோ, ஊத்திராதீக தாயி! ஜாயின்ட்டு காயணும். பால் காய்ச்சி ரெண்டு மூணு நாளு போகட்டும்."

அது நியாயமாகத்தான் பட்டது. ரத்தமும் உறைய நேரம் எடுக்கும், அவசரப்பட்டால் முடிவு கெட்டுப்போகும். வாளியைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தேன்.

ஆனி கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை புது அறையில் பால் பொங்கியது. கொத்தனாரைப் பலகையில் உட்கார வைத்து, அம்மா சந்தனமும் குங்குமமும் கொடுத்தார். அப்பா இடது கையால் வேட்டியையும் துண்டையும் தொட்டுக் கொடுத்தார். கொத்தனார் கண்ணில் ஒத்திக்கொண்டார். முதல் இலை அவருக்கு. எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். அன்றைக்கு எனக்கும் அந்த வழக்கம் அழகாகத்தான் தெரிந்தது.

சில நாள் கழித்து அப்பா குளிக்கப் போனார். கட்டிலிலிருந்து தானே எழுந்தார். கம்பியைப் பிடித்து, காலை இழுத்து, குளியலறைக்குள் போய், எங்களைப் பார்த்து, "சாத்து" என்றார். கதவைச் சாத்தினேன். உள்ளே ஸ்டூல் நகரும் சத்தம், கப்பில் தண்ணீர் மொள்ளும் சத்தம். அம்மாவும் நானும் கதவுக்கு இந்தப் பக்கம் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். அப்பா உள்ளே தொண்டையைக் கனைத்தார். தோட்டத்திலிருந்து வந்து தொட்டியில் குளிக்கும் நாட்களில் அப்படித்தான் கனைப்பார்.

பிறகு கதவின் அடியிலிருந்து தண்ணீர் வந்தது. முதலில் நூலாக, அப்புறம் அகலமாக. ஓட்டை இருந்த மூலைக்குப் போகாமல் வாசலுக்கு வந்து, அறையைத் தாண்டிக் கட்டிலின் காலைச் சுற்றிக்கொண்டது. சோப்பு நுரையும் கூட வந்தது. நான் துணியை எடுக்கக் குனிந்த நேரத்தில் அப்பா கதவைத் திறந்துவிட்டார். அவர் முகத்தில் அப்போது இருந்த பெருமையை நான் பார்த்தேன். அடுத்த அடி ஈரத்தில் விழுந்தது. நானும் அம்மாவும் பிடிப்பதற்குள் அப்பா தரையில் கிடந்தார்.

எலும்பு ஒன்றும் முறியவில்லை. அதிர்ஷ்டம் என்றார் மருத்துவர். ஆனால் அப்பா அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. கம்பியைப் பிடிக்கச் சொன்னால் கை வருகிறது, கால் வரவில்லை. கால் தரையைத் தொட்டதும் உடம்பு முழுக்க நடுங்குகிறது. "வேண்டாம், வேண்டாம்" என்று மட்டும் சொல்கிறார்.

கொத்தனாரைக் கைபேசியில் பிடித்து என் கோபத்தையெல்லாம் கொட்டினேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, வருத்தத்தோடுதான் சொன்னார். "அண்ணன் விழுந்தது மனசுக்குச் சங்கட்டமா இருக்கு தாயி. தண்ணி வந்தா ஒரு சாக்க நாலா மடிச்சு வாசல்ல போடுங்க. எல்லா வீட்லயும் அப்படித்தான போட்டிருக்காக? நீங்கதேன் போயிப் பாத்தீகளே."

அழைப்பைத் துண்டித்தேன். எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சாக்கு, சாக்கு, போர்வை, சாக்கு.

ஆடிக் காற்று புழுதியை வாரிக்கொண்டு அடித்த ஒரு காலையில், பொட்டிப்புரத்து அம்மா சர்க்கரை பார்க்க எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். என்னை அடையாளம் தெரிந்ததும், "என்னம்மா, வேலை முடிஞ்சதா?" என்று சிரித்தார். நான் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டில் தண்ணீர் வெளியே வருவதையும் அப்பா விழுந்ததையும் சொன்னேன்.

"அச்சச்சோ!" என்றார். "எங்க வீட்லயும் அதே கதைதேன். எம்மக குளிச்சா நான் பின்னாடியே தொடைக்கணும்."

"அன்னைக்கு உங்ககிட்டக் கேட்டேனே! ஏன் சொல்லலை?"

அவருக்கு என் கேள்விதான் விநோதமாக இருந்தது. "வீட்டுக்குள்ள நின்னுல்ல கேட்டீக? பால் காய்ச்சுன வீடு. அதுக்குள்ள நின்னு அதயே குத்தம் சொன்னா அதுக்குக் காது கேக்காதா? வேட்டி குடுத்து மொத இலை போட்ட மனுசரயும் குத்தம் சொல்லலாமா? அதுவும் பொண்ணு கேட்டு ஆளுக வர்ற நேரம். தண்ணி நிக்கிற வீடுன்னு பேரு வந்தா நல்லாவா இருக்கும்?" பிறகு குரலை இறக்கி, "வெளிய எங்கனயாச்சும் வச்சுக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்மா" என்றார்.

வெளியே வைத்துக் கேட்டது ஒரே ஒருவரிடம்தான். பேருந்து நிறுத்தத்தில். அந்த அம்மா ஒருவர்தான் குறை சொன்னார், நானும் அந்தக் கொத்தனாரைத் தள்ளினேன். அவர் சொன்ன குறை முழுக்க ஆளைப் பற்றியதுதான், வேலையைப் பற்றி ஒன்றுமில்லை.

பொட்டிப்புரத்து அம்மாவின் கையில் ஊசியைச் செருகினேன். வழக்கமாகக் கேட்பதைக் கேட்க மறந்துவிட்டேன். ரத்தம் குழாயில் ஏறும்போது அவரே சொன்னார், "ஒரு வாய் காப்பித்தண்ணி மட்டும் குடிச்சேன், பரவாயில்லையில்ல?"

தரையை உடைத்துத் திரும்பப் போடுவோம் என்றேன். பால் காய்ச்சின வருடம் திரும்புவதற்குள் தரையில் கடப்பாரை வைக்கக் கூடாது என்றார் அம்மா. நான் கேட்கவில்லை. எங்கள் ஊர்க் கொத்தனாரைத் தேடிப் போனேன். அவர் கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட்டார், தைக்குத்தான் வருவார் என்றார்கள். வேறு ஆளைப் பார்க்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னபோது அவர் தலையை அசைத்தார். "யாரு நடக்கப்போறா ஆத்தா? விடு." நானும் ஆள் தேடுவதை விட்டேன்.

போன வாரம் ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் வயதுதான் இருக்கும். தோளில் பை, கையில் கைபேசி. எங்கள் அறையைக் கட்டிய கொத்தனார்தான் வழி சொன்னாராம். அவளுடைய அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது, வீட்டுக்குள் ஒரு குளியலறை கட்ட வேண்டும்.

"நல்லாக் கட்டிக் குடுத்தாரு" என்றார் அம்மா. நான் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டார். "சொன்ன நாளுல முடிச்சாரு. நல்ல மனுசரு." சொல்லும்போது அம்மா அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் குளியலறையை எட்டிப் பார்த்துப் படம் எடுத்தாள். வாசலில் நான் மடித்துப் போட்ட சாக்கு கிடந்தது. "சுத்தமா வச்சிருக்கீங்க" என்றாள் என்னிடம்.

வழியனுப்புவதுபோல, ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு நடந்த அவளுடன் தெருக்கோடிவரை போனேன். எங்கள் வீடு கண்ணுக்கு மறையும் வேப்பமரத்தடியில் நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். வாட்டம் தப்பு, அந்தச் சாக்கு கால் துடைக்க அல்ல, என் அப்பா அதனால்தான் படுத்திருக்கிறார், அம்மா சொன்னதை நம்பாதே, நீ போகும் எந்த வீட்டிலும் உள்ளே நின்று கேட்காதே என்றேன். என் குரல் எனக்கே பிடிக்காத மாதிரி உயர்ந்தது.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு தயங்கிச் சொன்னாள். "கொத்தனார் முன்னமே சொன்னாருக்கா. அந்த வீட்ல ஒரு படிச்ச புள்ள இருக்கு, அதுக்கு எதக் கட்டிக் குடுத்தாலும் குத்தம்தேன், அப்பா கீழ விழுந்த கோவத்துல என்மேல பழி போடும்னு. உங்கம்மாவே நல்லாருக்குன்னுதான சொன்னாக? மத்த வீட்லயும் ஒருத்தர்கூடக் குறை சொல்லலையே."

"உள்ள நின்னா யாரும் சொல்ல மாட்டாங்க."

"நாலு பேரு சொல்றத விட்டுட்டு நீங்க ஒருத்தர் சொல்றத எப்படிக்கா எடுத்துக்கிறது?" சண்டைக்காக அவள் கேட்கவில்லை. என் முகத்தைக் கவனமாகப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். வெறும் வயிறுதான் என்று சொல்பவர்களை நான் அப்படித்தான் பார்ப்பேன். பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது அம்மா வாசலில் நின்றார். "சொல்லிட்டியா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். "அவ கேட்டாளா?" என்றார். நான் உள்ளே போனேன்.

புது அறையில் அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். இந்தக் கட்டிலும் ஜன்னலோரம்தான். கை எட்டும் தூரத்தில்தான் ஜன்னல். காலையில் வைத்த சொம்பில் தண்ணீர் விளிம்புவரை அப்படியே இருந்தது. இப்போதெல்லாம் அவர் அதை வெளியே ஊற்றுவதுகூட இல்லை.